சிலேட்டில் பன்னிரண்டாவது டிக்

போன வாரம் ஆம்ப்ரோஸைச் சாக்பீஸும் கையுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், கோவிந்தப்பாவின் சைக்கிள் கடைச் சுவரோரம் அவன் அப்படியேதான் நிற்கிறான். இனியும் காக்க வைத்தால் கை மரத்துப் போகும்.

சுவரில் தொங்குவது ஒரு பெரிய சிலேட்டுப் பலகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஜீவனஹள்ளியில் யாரைக் கேட்டாலும் அதற்கு வழி சொல்வார்கள். மேட்ச் நாளன்று காலை ஆறு மணிக்கு மார்னிங் ஸ்டார் கால்பந்து டீமின் செக்ரட்டரி வந்து அதில் பதினோரு பெயர்களை எழுதுவான். வேலைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு ஆட்டக்காரனும் சைக்கிளை நிறுத்தி, தன் பெயருக்குப் பக்கத்தில் தானே ஒரு டிக் அடித்துவிட்டுப் போவான். சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று அதற்கு அர்த்தம். பெயர் எழுதுவது செக்ரட்டரி வேலை, டிக் அடிப்பது ஆடுகிறவன் வேலை. ஒருவனுக்காக இன்னொருவன் டிக் அடித்த கதை அந்தக் கிளப்பின் ஏழு வருஷத்தில் கிடையாது.

ஏழு வருஷமும் முதல் வரியில் ஒரே பெயர்தான். மதலைமுத்து, கேப்டன். செக்ரட்டரி ஆம்ப்ரோஸின் அண்ணன். அப்பா கண்ணை மூடியபோது ஆம்ப்ரோஸுக்கு எட்டு வயது. அன்றைக்கு மில் வேலைக்குப் போன மதலைமுத்து தம்பியைப் படிக்க வைத்து, கம்பெனி குமாஸ்தா ஆக்கி, அவனுக்குப் பந்தை விடப் பேனா நன்றாக வருகிறது என்று கண்டு செக்ரட்டரியும் ஆக்கினார்.

இப்போது அந்தச் செக்ரட்டரி அண்ணன் பெயரை விட்டுவிட்டு எழுத வேண்டும். நேற்று கமிட்டியில் அப்படி முடிவாகிவிட்டது.

போன வருஷம் இதே டீம்தான் கீழ் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மேலே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்து போகிறது. கோப்பையை ஜட்கா வண்டியில் வைத்து, முன்னால் பேண்டு செட், பின்னால் பாதி ஜீவனஹள்ளி. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் பூக்காரி சந்திரம்மா அன்றைக்கு வியாபாரமே செய்யவில்லை. கொண்டு வந்த மல்லிகையை எல்லாம் பதினோரு துண்டாக வெட்டி, ஒவ்வொருவன் கையிலும் சுற்றிவிட்டாள். குதிரைக்கும் கொஞ்சம் கிடைத்தது. மேலே போனால் மேலே இருக்கிறவர்களோடு ஆட வேண்டியிருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சந்தோஷத்தில் யாருக்குத்தான் கணக்கு வரும்?

மேல் டிவிஷனில் இருப்பவை பெரும்பாலும் பாக்டரி டீம்கள். அங்கே ஆடுவதே உத்தியோகம். மைதானத்தில் கயிறு கட்டியிருப்பார்கள், கோலுக்கு வலை உண்டு. கீழே பாதிக்கு இருபத்தைந்து நிமிஷம் என்றால் இங்கே முப்பத்தைந்து. மார்னிங் ஸ்டார் இதுவரை ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்றது. கொடுமை என்னவென்றால் ஐந்திலும் முக்கால்வாசி நேரம் இவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். கடைசியில்தான் கை நழுவிப் போனது. மீதி இருப்பது இரண்டே ஆட்டம். இன்று தோற்றால் திரும்பவும் கீழே.

கிளப்புக்குத் தலைவர் கோவிந்தப்பா. சைக்கிள் ரிப்பேர்க்காரர், எதிலும் பழுது எங்கே என்று விரலை வைத்துச் சொல்லிவிடுகிற மனுஷர். கடைசியில்தான் ஆட்டம் போகிறது, கடைசியில் மூச்சு வாங்குவது முப்பத்தாறு வயது கேப்டன், ஆகவே பழுது அங்கேதான் என்று அவர் சொன்னபோது யாராலும் மறுக்க முடியவில்லை. ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்ற இன்றைக்கு இருப்பது போல அன்றைக்கு விதி இல்லை. இறங்கினவன் கடைசி வரை நின்றே ஆக வேண்டும்.

ஆம்ப்ரோஸ் எழுதினான். முதல் வரியில் அண்ணனுடைய இடத்துக்கு இளங்கோவன் என்று எழுதினான். இருபத்தொரு வயது, பேக்கரியில் மாவு பிசைகிற கை, மான் மாதிரி ஓடுகிற கால். பதினோராவதாக ஓஸ்வால்டின் பெயரை எழுதி முடித்தபோது பின்னால் கோவிந்தப்பா ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியாப்பா?" என்றார்.

ஆம்ப்ரோஸ் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"பலகை சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. அதுதான் மரியாதை."

காக்ஸ் டவுனில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் கேத்தரின் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மதலைமுத்துவின் மனைவி, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட கைக்கடிகாரம் அவள் கையை விட்டு இறங்கியதே இல்லை. அண்ணி தோசை திருப்புவதற்கும் மணி பார்ப்பாள் என்று ஆம்ப்ரோஸ் கேலி செய்வான். மேட்சுக்கும் அவள்தான் நேரம் பார்ப்பாள். எந்த நிமிஷத்தில் கோல் விழுந்தது என்று வீட்டுக்கு வந்ததும் கோயில் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்து வைப்பாள். மாமிசம் கூடாத வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் மீன் படம் போட்டிருக்கும், வியாழக்கிழமைக் கட்டங்களில் இவள் எழுதிய எண்கள்.

ஆம்ப்ரோஸ் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். தோசைக் கரண்டி அப்படியே நின்றது.

"நீங்களே சொல்லிடுங்க அண்ணி. எனக்கு வாய் வரல."

"எழுதறப்ப கை வந்துச்சில்ல? வாயும் வரும். போ, வாசல்லதான் இருக்காரு."

போனான். மதலைமுத்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவி, இரண்டையும் லேஸால் முடிந்து சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டிருந்தார். மேட்ச் நாளில் மில்லிலிருந்து மூன்று மணிக்கு வெளியே வர கேட் பாஸ் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. ஆம்ப்ரோஸ் என்னென்னவோ சொல்ல வந்து, பின் டயரில் காற்று கம்மியாக இருக்கிறது போல என்றான்.

"கோவிந்தப்பா கடையில அடிச்சுக்கறேன். எப்படியும் அங்க நிக்கணுமே" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏறிப் போய்விட்டார்.

உள்ளே கேத்தரினுக்குத் தோசை கருகிய வாசனை வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு யார் மேல் ஜாஸ்தி கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

மத்தியானம் ஆம்ப்ரோஸ் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியிலிருந்து நேரே சைக்கிள் கடைக்கு வந்தான். பலகையில் பதினோரு பெயருக்கும் டிக் விழுந்திருந்தது. ஓஸ்வால்டின் பெயருக்குக் கீழே, வெறும் இடத்தில், பன்னிரண்டாவதாக ஒரு டிக் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை.

அந்த டிக்கின் வால் கொஞ்சம் நீளம். ஏழு வருஷமாக முதல் வரியில் பார்த்த டிக் அது.

கோவிந்தப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். மதலைமுத்து வந்தார், பலகையைப் பார்த்தார், டயருக்குக் காற்று அடித்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு சாக்பீஸைக் கேட்டு வாங்கினார்.

"ஒரு வார்த்தை திட்டல. தண்ணி பக்கெட்டோட பிடி உடைஞ்சிருந்துச்சே, சரி பண்ணியாச்சான்னு கேட்டாரு. அவ்வளவுதான். எனக்கு ஸ்வல்ப கஷ்டமாப் போச்சுப்பா."

ஆம்ப்ரோஸ் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே ஆபீசுக்குத் திரும்பினான்.

பள்ளிக்கூடத்தில் அன்று இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அதனால் மூன்றாவது பீரியட் முடிவில் மணி அடிக்க மாட்டோம், அவர் வந்து போகிற வரை அதே பாடத்தை நடத்திக்கொண்டிருங்கள் என்று தலைமை ஆசிரியை நோரா சொல்லியிருந்தார். கேத்தரின் வாய்ப்பாடு எழுத வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு சளசளத்தது. ஒருத்தி சிலேட்டைத் துடைத்தாள், ஒருவன் பையை மாட்டிக்கொண்டான், கடைசி பெஞ்சு மொத்தமும் காலை நீட்டிவிட்டது. கேத்தரின் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக நாற்பது நிமிஷம். மணி அடிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பிள்ளைகளின் உடம்புக்குப் பீரியட் முடிந்தது தெரிந்துவிட்டது. இனி இன்னும் பத்து நிமிஷம் என்று அதட்டினாலும் ஒரு எழுத்து உருப்படியாக வராது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு போய்விட்டது.

காலண்டரில் அவள் குறித்து வைத்த எண்கள் கண் முன்னால் வந்தன. தோற்க வைத்த கோல் விழுந்த நிமிஷங்கள்: ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, அறுபத்தொன்று, ஐம்பத்துநாலு. ஒன்றுகூட ஐம்பதுக்கு முன்னால் இல்லை.

மார்னிங் ஸ்டார் என்று அந்த டீமுக்குப் பெயர் வந்ததே விடியற்காலையில் பழகுவதால்தான். அஞ்சரைக்குக் கோயில் மணி அடித்ததும் பந்தை உதைப்பார்கள். ஆறு இருபதுக்கு மில்லில் முதல் சங்கு ஊதியதும் பந்தை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்க ஓடுவார்கள். மணிக்கும் சங்குக்கும் நடுவில் ஐம்பது நிமிஷம். கீழ் டிவிஷன் ஆட்டமும் ஐம்பது நிமிஷம். ஏழு வருஷமாகப் பதினோரு உடம்பும் அந்த ஐம்பதுக்குத்தான் பழகியிருக்கிறது. ஐம்பது முடிந்ததும், மைதானத்தில் இருந்தாலும், உள்ளுக்குள் சங்கு ஊதிவிடுகிறது. இது ஒரு மனுஷனுடைய வயசு இல்லை.

மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் அவள் ஜட்கா பிடித்து மைதானத்துக்கு விரட்டச் சொன்னாள்.

ஆட்டக்காரர்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜெர்சி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மதலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டில் தண்ணீர் நிறைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் போட்ட பூட்ஸ் இன்னும் சைக்கிளிலேயே தொங்கியது. ஆம்பளைகள் உடுத்துகிற இடத்துக்குள் போவதா என்று கேத்தரின் ஒரு நொடி தயங்கினாள். பிறகு போய், புருஷனையும் கொழுந்தனையும் தனியே கூப்பிட்டு, வகுப்பில் பாடம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கேட்கக் கேட்க ஆம்ப்ரோஸின் முகம் விழுந்தது. ஐந்து ஆட்டமும் பதினோரு பேரும் சேர்ந்து தோற்றதற்கு ஒருவரை மட்டும் அழித்திருக்கிறான்.

"அண்ணா, லிஸ்டை நான் இன்னும் ரெஃப்ரிகிட்ட கொடுக்கல. ஜெர்சியைப் போடு" என்றான்.

மதலைமுத்து மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். இளங்கோவன் பூட்ஸை மாட்டிவிட்டுக் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தான். பயம்.

"அவன் பேரு இருக்கு, டிக்கும் இருக்கு. அவன்தான் ஆடணும்" என்றார். பிறகு மனைவியிடம் கையை நீட்டினார். "அந்த வாட்சைக் குடு."

பதினோரு பேரையும் சுற்றி உட்கார வைத்து அவர் சொன்னது இவ்வளவுதான். எழுபதில் ஐம்பது போனால் இருபது. முதல் இருபது நிமிஷம் யாரும் ஓடக் கூடாது. பந்து வந்தால் நிறுத்து, பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளு, எல்லாரும் நம் கோலுக்கு முன்னால் நில்லுங்கள். இருபது முடிந்ததும் கோயில் மணி அடித்துவிட்டது என்று நானே சொல்கிறேன், அப்புறம் ஓடுங்கள்.

நாலரைக்கு விசில். எதிரே ஒரு பாக்டரி டீம், கால்களில் ஒரே மாதிரி புது பூட்ஸ். மார்னிங் ஸ்டார் ஆமையாக ஊர்ந்தது. ஓஸ்வால்ட் ஒரு தரம் பழக்க தோஷத்தில் பந்தோடு பறக்கப் பார்த்தான்.

"மணி இன்னும் அடிக்கல" என்று கயிற்றோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓஸ்வால்ட் நின்றான்.

கேலரியில் சிரித்தார்கள். கேப்டன் பதவி போன துக்கத்தில் ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ சொன்னதும் கேத்தரின் காதில் விழுந்தது. பதினெட்டாவது நிமிஷத்தில் பாக்டரி டீம் ஒரு கோல் போட்டுவிட்டது. கோவிந்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்ப்ரோஸ் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபதாவது நிமிஷம் முடிந்தது.

"மணி அடிச்சாச்சு, ஓடுங்கடா."

ஓடினார்கள். பழைய ஜீவனஹள்ளி மைதானத்தில், பனி விலகாத புல்லில், வேலைக்குப் போவதற்கு முன்னால் ஓடுகிற அந்த ஓட்டம். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எத்தனையோ டீம்களைப் பார்த்துவிட்டேன், இடுப்பில் மில் பாஸைச் செருகிக்கொண்டு அப்படிச் சிரித்துக்கொண்டே ஓடியவர்களை அப்புறம் பார்க்கவில்லை. மதலைமுத்துவும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, பந்து போன பக்கமெல்லாம் கூடவே ஓடினார்.

இடைவேளைக்குப் பிறகும் ஓட்டம் குறையவில்லை. ஐம்பது தாண்டியது, ஐம்பத்தைந்து தாண்டியது. வழக்கமாக இவர்களுக்குக் கால் துவளுகிற நேரத்தில் இன்று எதிராளிகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அறுபத்துநாலாவது நிமிஷத்தில் இளங்கோவன் தன் பாதியிலிருந்து பந்தைப் பறித்து, மூன்று பேரைத் தாண்டி, இடது ஓரம் நீளமாக அடித்தான். ஓஸ்வால்ட் ஓடிப் போய் அதை வலைக்குள் தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று.

மைதானமே எழுந்து நின்றது. கேத்தரினும் எழுந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரைத் தேடினாள்.

மதலைமுத்து மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கயிறு கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். இன்னொரு கை வலது முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். கேத்தரின் சட்டென்று மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. கோல் விழுந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் சமமாகவே முடிந்தது. மேல் டிவிஷனில் மார்னிங் ஸ்டாருக்குக் கிடைத்த முதல் பாயிண்ட். அடுத்த வியாழக்கிழமை கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மேலேயே தங்கலாம்.

பொழுது சாய்வதற்குள் சைக்கிள் கடை வாசலில் டீயும் பன்னும் பறந்தன. இளங்கோவனைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். கோவிந்தப்பா மதலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, பழுதை நான் தப்பான இடத்தில் பார்த்துவிட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பெரிய மனசுதான். காலையிலேயே இருந்திருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் ஆம்ப்ரோஸ் பலகையைத் துடைக்க வந்தான். பதினோரு பெயர்களையும் டிக்குகளையும் துடைத்தான். கீழே தனியாக இருந்த அந்த டிக்குக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

பின்னால் அண்ணனும் அண்ணியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தப்பு உன்மேல இல்லேன்னு ஆயிடுச்சுண்ணா. அடுத்த வாரம் மொத பேரு உன்னுதுதான். இப்பவே எழுதிடறேன்."

மதலைமுத்து பலகைக்குக் கிட்டே வந்தார். தான் அடித்த டிக்கைத் தன் கட்டைவிரலாலேயே துடைத்தார்.

"எழுதுடா. பேரு எழுதறது உன் வேலை" என்றார். "டிக் அடிக்கறது என் வேலை. அதை வியாழக்கிழமை காலையில பாத்துக்கலாம்."

கடிகாரத்தைக் கழற்றிக் கேத்தரினிடம் கொடுத்தார். தோல் பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டாள், முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீடு வரை அவர் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். ஹேண்டில்பாரில் பூட்ஸ் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போயின.

ஆம்ப்ரோஸ் முதல் வரியில் மதலைமுத்து என்று பெரிதாக எழுதினான். மேட்சுக்கு ஒரு வாரம் முன்னதாக அந்தப் பலகையில் ஒரு பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. பெயருக்குப் பக்கத்தில் டிக்குக்கான இடம் காலியாக இருந்தது. அவன் சாக்பீஸை அந்த இடத்துக்குக் கிட்டே கொண்டு போனான். பிறகு, அது தன் வேலை இல்லை என்று, கோவிந்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.